மராத்தி முதலில் வரட்டும். தமிழ் அழிய வேண்டாம்

கடைப் பலகையில் மராத்தி எழுத வேண்டும் என்பது சட்டம். தமிழை அழிக்க வேண்டும் என்பது வதந்தி. சட்டத்துக்குக் கட்டுப்படுவது குடிமகனின் கடமை. வதந்திக்குக் கட்டுப்படுவது கோழைத்தனம். இந்த வேறுபாட்டை மும்பைவாழ் தமிழ்க் கடைக்காரத் தோழர்கள் தெளிவாக உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இட்லிக் கடை, சலூன், இஸ்திரிக் கடை, மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர் சிலர், "எதற்கு வம்பு?" என்று பலகாலமாக இருந்த தமிழ் எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வேறு சிலர், "நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று பழைய பலகையை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். முன்னவர்கள் கொடுக்கத் தேவையில்லாததைக் கொடுத்தவர்கள். பின்னவர்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை.

மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 2022-இல் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவுதான் பலகையைப் பற்றிப் பேசுகிறது. கடையின் பெயர் தேவநாகரி எழுத்தில் மராத்தியில் இருக்க வேண்டும். அது பலகையின் தொடக்கத்தில் வர வேண்டும். அதன் எழுத்து வேறெந்த மொழி எழுத்தையும் விடச் சிறியதாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. இதோடு கடைக்காரர் தாம் விரும்பும் மொழியிலும் எழுதிக்கொள்ளலாம் என்று அதே பிரிவு அனுமதி தருகிறது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளையும் இந்தத் திருத்தம் உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆகவே, "நாம் சின்னக் கடை" என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த விதியை எதிர்த்து வணிகர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2022 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுதாரர் 25,000 ரூபாய் செலவுத்தொகை கட்டும்படியும் ஆயிற்று. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்ததும் மாநகராட்சி கடை கடையாகச் சோதனையில் இறங்கியது. அபராதம் வேலை செய்பவர் ஒருவருக்கு 2,000 ரூபாய் என்று கணக்கிடப்படும். மூன்று பேர் வேலை செய்யும் சலூனுக்கு 6,000 ரூபாய்! அந்தப் பணத்தில் நல்ல பலகையே எழுதிவிடலாம்.

மற்றொரு தீர்ப்பையும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இதே மகாராஷ்டிரத்தில், அகோலா மாவட்டம் பாத்தூர் நகராட்சிக் கட்டடப் பலகையில் மராத்தியோடு உருதும் இருந்ததை எதிர்த்து வழக்கு நடந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உருது இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மாநில மொழிக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டால், கூட இன்னொரு மொழி நிற்பது குற்றமில்லை என்பது அதன் சாரம். அரசுப் பலகைக்கே இது பொருந்தும் என்றால் நம் இட்லிக் கடைக்குப் பொருந்தாதா?

"மராத்தியை ஏன் நம்மீது திணிக்கிறார்கள்?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் கடை வைப்பவர் பலகையில் தமிழை முதலில், பெரிதாக எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதா இல்லையா? தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று இடத்தைக்கூடப் பங்கு வைத்திருக்கிறார்கள். சென்னையில் மார்வாடி நண்பர் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்கும் நாம், மும்பையில் மராத்தியில் எழுத மாட்டோம் என்று சொல்ல நியாயமில்லை. மொழிவழி மாநிலத்துக்காக ரத்தம் சிந்தி 1960 மே 1-இல் மகாராஷ்டிரத்தை அடைந்தவர்கள் மராத்தி மக்கள். அவர்கள் உணர்வை மற்றெவரையும் விட நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மரியாதை வேறு, பயம் வேறு. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்மீது கிளப்பிவிடப்பட்ட வெறுப்பும், உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டதும் நம் பெரியவர்கள் மறக்காத செய்திகள். அந்தப் பயம்தான் இன்றும் பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுக்கவைக்கிறது. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் அடையாள அட்டையோடு வரும் மாநகராட்சி அலுவலருக்கு உண்டு. கொடியோடு வரும் கூட்டத்துக்கு இல்லை. அலுவலர் கேட்டால் காகிதத்தைக் காட்டுங்கள். கூட்டம் வந்து மிரட்டினால் வாய்ச்சண்டை வேண்டாம். போலீசுக்கும் சங்கத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்வோம்.

முதலாவது, குமாஸ்தா லைசென்ஸ். கடையின் பதிவு யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். சிறு கடையானால் ஆன்லைனில் தொழில் அறிவிப்புக் கொடுத்து ரசீது எடுத்துக்கொள்ளலாம். பலகையில் உள்ள பெயரும் காகிதத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தாராவி மறுசீரமைப்பில் கடைக்காரரின் கையில் உள்ள காகிதங்கள்தான் அவருக்காகப் பேசும். அன்றைக்குத் தேடி ஓடுவதைவிட இன்றைக்கே சரிசெய்வது மேல்.

இரண்டாவது, பலகையின் வகை. சொந்தக் கடையின் முகப்பில் சொந்தத் தொழிலைக் குறிக்கும், விளக்கில்லாத சாதாரணப் பலகைக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 328ஏ பிரிவு விலக்குத் தருகிறது. உள்ளே விளக்கெரியும் பலகைக்கும், கட்டடத்துக்கு மேல் தூக்கி நிறுத்தும் பலகைக்கும் அனுமதி தேவை. குளிர்பானக் கம்பெனியும் மொபைல் கம்பெனியும் இலவசமாகப் பலகை தருகின்றன. அவற்றில் கம்பெனியின் பெயர் ஓர் ஆள் உயரம், கடையின் பெயர் ஒரு சாண். அனுமதி யார் வாங்கினார், கட்டணம் யார் கட்டினார், மராத்தி எழுத்து போதிய அளவில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே மாட்ட விடுங்கள். இலவசப் பலகைக்குக் கடைசியில் விலை கொடுப்பது நாமாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, எழுத்து. இந்திக்கும் மராத்திக்கும் எழுத்து ஒன்று, மொழி வேறு. இந்தியில் எழுதிவிட்டு மராத்தி என்று சொல்லும் பெயிண்டர்கள் உண்டு. நம் 'ள'கரத்துக்கு மராத்தியில் தனி எழுத்து இருக்கிறது. 'வள்ளி' என்ற பெயரை ஒலி கெடாமல் அதில் எழுதலாம். பக்கத்து மராத்தி ஆசிரியரிடமோ நண்பரிடமோ காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு, ஆண்டுக்கணக்கான மனத்தாங்கலையும் போக்கும்.

நான்காவது, புரோக்கர். வார்டு ஆபீஸ் வாசலில் நின்று "எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ரசீதில்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். தாராவித் தோழர்களுக்கு ஜி-வடக்கு வார்டு அலுவலகம் தாதரில்தான் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர் சங்கத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம்.

மாநகராட்சிக்கும் ஒரு சொல். 2024 மே 13-இல் காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 உயிர்கள் போயின. 40-க்கு 40 அடிதான் உச்ச அளவு என்றிருக்க, அதைப் போலப் பல மடங்கு பெரிய பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றுகொண்டிருந்தது. சலூன்காரரின் மூன்றடிப் பலகையை டேப் வைத்து அளக்கும் கைகள் அதை ஏன் அளக்கவில்லை? விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சிறு கடைகளுக்கு அபராதத்துக்கு முன் நோட்டீசும் அவகாசமும் கொடுக்கட்டும். விதிகளை அவரவர் மொழியிலும் அச்சிட்டு விளக்கட்டும். இவை சலுகைகள் அல்ல, நியாயங்கள்.

மும்பை ரயில் நிலையப் பலகைகளில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் சேர்ந்து நிற்கின்றன. அதனால் எந்த வண்டியும் தாமதமானதில்லை. நம் கடைப் பலகையிலும் மராத்தி முதலில், முறையான அளவில் நிற்கட்டும். அதன் கீழே தமிழ் தலைகுனியாமல் நிற்கட்டும்.

தோழர்களே, பெயிண்ட் டப்பாவைத் தமிழை அழிக்க எடுக்காதீர்கள். மராத்தியைச் சேர்க்க எடுங்கள்!