தென் சென்னை எம்.பி.க்கள்: பெயர்கள் தெரியும், எல்லைக்கோடு தெரியுமா?

தரமணி ரயில் நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு இறங்கி ஆபீஸுக்கு நடப்பவர்களிடம் ‘இந்த ஏரியா எம்.பி. யாரு?’ என்று கேட்டால், பாதிப் பேர் போனை எடுத்துத் தேடுவார்கள். தப்பில்லை. பலருக்கு ஓட்டே மதுரையிலோ நாகர்கோவிலிலோதான் இருக்கும். ஆனால், தரமணி அடங்கிய தென் சென்னை டெல்லிக்கு அனுப்பிய ஆட்களின் பட்டியல் லேசுப்பட்டது அல்ல.

1957-ல் இங்கே ஜெயித்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அப்போது அவர் நாட்டின் நிதியமைச்சர். முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை ஃபெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்ப, சாக்ளா விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். 1962-ல் திமுகவின் நாஞ்சில் கி.மனோகரன் வந்தார்.

1967 கதை இன்னும் சுவாரசியம். அண்ணா அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென் சென்னையில் மக்களவைக்கு நின்று ஜெயித்தார். பார்த்தால், மாநிலத்தில் ஆட்சியே திமுக கைக்கு வந்துவிட்டது! எம்.பி.யைத் தேர்ந்தெடுத்த தொகுதிக்கு முதலமைச்சர் கிடைத்தார். அண்ணா விட்டுச்சென்ற இடத்துக்கு இடைத்தேர்தலில் வந்தவர் முரசொலி மாறன். 1971-லும் அவர்தான்.

1977-ல் ஆர்.வெங்கட்ராமன். 1980-ல் மறுபடி ஜெயித்து நிதியமைச்சர், பிறகு பாதுகாப்பு அமைச்சர், குடியரசு துணைத் தலைவர், கடைசியில் குடியரசுத் தலைவர். அவருக்கு அடுத்து, திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா 1984, 1989 என இரண்டு முறை. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு நடந்த 1991 தேர்தலில் அதிமுகவின் ஆர்.ஸ்ரீதரன். 1996 முதல் 2009 வரை டி.ஆர்.பாலு, தொடர்ந்து நான்கு வெற்றி. 2009-ல் சி.ராஜேந்திரன், 2014-ல் ஜெ.ஜெயவர்தன் (இருவரும் அதிமுக), 2019, 2024-ல் திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன்.

பட்டியல் ஓகே. ஆனால் இத்தனை ஆண்டுகளும் ‘தென் சென்னை’ என்பது ஒரே இடம் இல்லை. பாலு ஜெயித்த காலத்தில் ஆலந்தூரும் தாம்பரமும் இதற்குள் இருந்தன. 2008 மறுவரையறையில் அவை ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டன. 2009-ல் பாலுவும் அங்கேயே போய் நின்று ஜெயித்தார். இங்கே வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்ற புதுச் சட்டமன்றத் தொகுதிகள் வந்தன. தரமணி இப்போது வேளச்சேரியில்.

கோடு போடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இங்கிலாந்தின் பழைய கதையைக் கேட்க வேண்டும். அங்கே பல நூறு ஆண்டுகளாக, பொதுவாக ஒரு கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) இரண்டு உறுப்பினர். கவுண்டி பெரிதா, சிறிதா என்ற கேள்வியே கிடையாது. அதற்குள் இருக்கும் பழைய ஊர்களுக்குத் தனி இடங்கள். வில்ட்ஷயர் கவுண்டியில் ஓல்டு சாரம் என்று ஓர் ஊர். ஊர் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்; குடியிருப்பவர் யாருமில்லாத மேடு. வாக்காளர்கள் ஒரு டஜன் தேறினால் அதிகம். அதற்கும் இரண்டு எம்.பி.! மான்செஸ்டர் ஆலை நகரமாகி ஜனம் குவிந்த பிறகும் அதற்குத் தனி எம்.பி. கிடையாது. 1832-ல் சட்டம் போட்டுத்தான் இதை மாற்றினார்கள்.

அந்த ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கிய ஆள் நமக்குத் தெரிந்தவர்தான். இந்திய வியாபாரத்தில் பணம் பார்த்த தாமஸ் பிட். 1691-ல் அந்த நிலத்தை வாங்கினார், அதோடு எம்.பி. பதவியும் வந்தது. 1698-ல் இருந்து 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராகவும் இருந்தார். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல் அதே ஓல்டு சாரம் வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, பின்னாளில் பிரதமரானார்.

சிரிப்பதற்கு முன்னால் பழைய மகாபலிபுரம் சாலையைப் பார்த்துவிடுவோம். இப்போதைய எல்லைகள் 2001 கணக்கெடுப்பை வைத்துப் போட்டவை. டைடல் பார்க் திறந்ததே 2000-ல்தான். அதற்குப் பிறகு வந்த ஜனத்தை அந்தக் கோடு பார்க்கவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.

அப்படின்னா உடனே ஜனத்தொகைப்படி கோட்டை மாத்திட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். அதே கணக்கை மாநிலங்களுக்கு இடையிலும் போட்டால் தமிழ்நாட்டின் பங்கு குறையும். ஏற்கெனவே ஒருமுறை குறைந்திருக்கிறது: 1962-ல் 41 எம்.பி.க்கள், 1967-ல் 39. 1976-ல் 42-வது திருத்தம் மாநிலங்களின் இடங்களை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னால் நின்ற மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பது நோக்கம். 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது.

எங்கள் கருத்து: இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மாநிலத்துக்குள் கோட்டை மாற்றுங்கள், மாநிலங்களின் பங்கில் கை வைக்காதீர்கள். 2008-ல் நடந்ததும் அதுதான்: மொத்தம் 39 அப்படியே இருந்தது, உள்ளே எல்லைகள் மட்டும் நகர்ந்தன. அடுத்த முறை அது முடியாது என்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும்.

இதில் தரமணி அறைவாசிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 69.7 சதவீத வாக்குப்பதிவு. தென் சென்னையில் சுமார் 54. வெயில், லீவு, சோம்பல் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். வேறு ஊருக்குக் குடிபோனவர்களின் பெயர் இங்கே பட்டியலில் கிடப்பதும் ஒரு காரணம். அதன் மறுபக்கம், இங்கேயே குடியிருப்பவர்களின் பெயர் சொந்த ஊரில் கிடப்பது. வாடகை, தண்ணி, ரயில் எல்லாம் இங்கே. ஓட்டு மட்டும் அங்கே. வேளச்சேரிவரை 2007-ல் வந்த பறக்கும் ரயில், அடுத்த ஐந்து கிலோமீட்டர் தாண்டிப் பரங்கிமலைக்குப் போக முடியாமல் பதினைந்து வருஷத்துக்கு மேல் நின்றது. நிலம், வழக்கு என்று காரணங்கள் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டிய பயணிகளில் எத்தனை பேர் இங்கே வாக்காளர்கள்?

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, ஆன்லைனிலேயே போடலாம். இன்னொன்று: மறுவரையறை ஆணையம் முதலில் வரைவை வெளியிடும், ஆட்சேபம் கேட்கும், பொதுமக்கள் கூட்டம் நடத்தும். இறுதி உத்தரவு அரசிதழில் வந்துவிட்டால் அது சட்டம் மாதிரி. பிறகு கோர்ட்டுக்குப் போய் எங்க தெருவை ஏன் அந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்று கேட்பது ரொம்பக் கஷ்டம். கேட்க வேண்டிய நேரம் வரைவு வரும்போதுதான்.