வளைவில் நிற்கும் தண்ணீர்

புது எவர்சில்வர் சிங்க் மாட்டிய மூன்றாம் நாளே அடுக்களையில் அழுகிய முட்டை வாடை. பினாயில் ஊற்றினோம், வெந்நீரும் சோடா உப்பும் விட்டோம். ஒரு மணி நேரம் அடங்கியிருந்து மறுபடி கிளம்பியது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது: பழைய தொட்டியோடு இருந்த வளைவுக் குழாயைக் கழற்றிவிட்டு, நெளி பைப் ஒன்றை நேராகச் சாக்கடைக் குழாய்க்குள் செருகியிருக்கிறார்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி வேறு. 1775இல் லண்டன் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையில், வாடை மேலேறாமல் தடுக்க இருந்தது எஸ் வடிவ வளைவு. அடுக்களைக் குழாயின் வளைவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் தேங்கி நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நம் சோற்றுப் பானைக்கும் நடுவே உள்ள கதவு. வீடு நாள்கணக்கில் பூட்டிக் கிடந்து அது வற்றினாலும் நாறும்; ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். வளைவே இல்லாத இடத்தில் எத்தனை செம்பு ஊற்றி என்ன பயன்? தொட்டியின் கனத்தைக் கடையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கூலியைக் கையில் கொடுக்கும் முன், அதன் அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.