ஒன்பது பெரிதா, ஐந்து பெரிதா?

உங்களிடம் 20 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு செவ்வக இடத்தை வளைக்க வேண்டும். நீளம் 9 மீட்டர், அகலம் 1 மீட்டர் என்று வளைத்தால் பரப்பு 9 சதுர மீட்டர். நீளம், அகலம் இரண்டையும் 5 மீட்டராக வைத்தால் 25 சதுர மீட்டர். கயிறு அதேதான். ஆனால் கிடைத்த இடமோ ஏறக்குறைய மூன்று மடங்கு! வகுப்பில் நீங்கள் போட்ட கணக்குத்தான் இது. இணையத்தில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இவ்விளையாட்டுகளில் நுழைந்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி, 'உன் கிளாஸ் எது?' என்பது. இது பள்ளிக்கூட வகுப்பு அல்ல. நம் பாத்திரம் எந்த வேலையில் தேர்ந்தது என்பதைக் குறிக்கும் பிரிவு. 1974இல் காகிதமும் பகடையும் கொண்டு ஆடும் ஆட்டமாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று பிரிவுகளைத் தந்தது: வீரர், மந்திரவாதி, காயம் ஆற்றும் குருமார். 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்', 2004இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற இணைய ஆட்டங்கள் இந்த வழியையே பின்பற்றின. ஒருவர் அடி தாங்குவார், ஒருவர் அடிப்பார், ஒருவர் காயம் ஆற்றுவார். இந்த வேலைகளில் இரண்டையோ மூன்றையோ ஒருவரே செய்வதுதான் கலப்புப் பிரிவு.

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கலப்புப் பிரிவைப் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தனியாக ஆடுகிறவர் கலப்புப் பிரிவையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம்.

தனி ஆளின் கணக்கு

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 10 புள்ளிகள் என்று வைத்துக் கொள்வோம். இவை ஆட்டத்தின் உண்மையான எண்கள் அல்ல. நம் வசதிக்காக எடுத்துக் கொண்டவை. அடிக்கும் வேகத்துக்குச் சில புள்ளிகள், அடி தாங்கி நிற்கும் நேரத்துக்கு மீதிப் புள்ளிகள். எதிரியின் மேல் நாம் இறக்கும் மொத்த அடி எவ்வளவு? வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. தூரம் காணும் கணக்கைப் போன்றதுதான்.

மந்திரவாதிக்கு வேகம் 9, நேரம் 1. பெருக்கினால் 9. கலப்புப் பிரிவினருக்கு வேகம் 5, நேரம் 5. பெருக்கினால் 25. மந்திரவாதி மின்னலாய் அடிக்கிறார்; ஆனால் நிற்பதற்குள் விழுந்து விடுகிறார். இரும்பாய் நிற்கும் அடிதாங்கிக்கும் அதே 9தான். அவருக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. கயிற்றுக் கணக்கு ஞாபகம் வருகிறதா?

இருவர் சேர்ந்தால்?

இப்போது அடிதாங்கியும் மந்திரவாதியும் கூட்டுச் சேரட்டும். எதிரி முதலில் அடிதாங்கியையே தாக்குகிறான். அவர் 9 நொடி நிற்கிறார். அதுவரை இருவர் வேகமும் சேர்ந்து 10, ஆகவே 90. பிறகு மந்திரவாதி 1 நொடி நின்று 9 அடிக்கிறார். மொத்தம் 99. கலப்புப் பிரிவினர் இருவர் சேர்ந்தால்? முதல் 5 நொடியில் 50. ஒருவர் விழுந்தபின் மற்றவர் 5 நொடியில் 25. மொத்தம் 75தான்!

கணக்கு தலைகீழாகி விட்டது, பார்த்தீர்களா? ஒருவரின் குறையை மற்றவர் மூடுவதால், கூட்டத்தில் ஒரே வேலையில் தேர்ந்தவர்களே வெல்கிறார்கள். தச்சனைப் பற்றிய பழமொழி பல தச்சர்கள் வேலையைப் பங்கிட்டுக் கொள்ளும் பட்டறைக்குப் பொருந்தும். காட்டில் தனியே குடிசை போடுகிறவனுக்குப் பொருந்தாது.

'வேட்டைக்காரர் தனியாக நன்றாக ஆடுகிறாரே!' என்று வார்கிராஃப்ட் ஆடியவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவருடன் ஒரு வளர்ப்பு விலங்கு வருகிறதல்லவா? விலங்கு அடி வாங்க, இவர் தொலைவிலிருந்து அம்பு விடுகிறார். அவர் தனி ஆள் அல்ல, இருவர்!

ட்ரூயிட் செய்யும் வித்தை

வார்கிராஃப்டின் ட்ரூயிட் கலப்புப் பிரிவுக்குச் சிறந்த உதாரணம். 2019இல் மீண்டும் திறக்கப்பட்ட அதன் பழைய வடிவில், ட்ரூயிட் 10ஆம் நிலையில் கரடியாக மாறக் கற்கிறது. 20ஆம் நிலையில் பூனையாக மாறக் கற்கிறது. கரடி அடி தாங்கும். பூனை வேகமாகக் கீறும். காயம் ஆற்ற, சொந்த உருவுக்குத் திரும்ப வேண்டும். மந்திரத்துக்குச் செலவாகும் ஆற்றல் வேறு, பூனை கீறுவதற்குச் செலவாகும் ஆற்றல் வேறு. எனவே பூனையாகச் சண்டையிடும்போதே மந்திர ஆற்றல் மெல்ல ஊறிக் கொண்டிருக்கும். சண்டை முடிந்ததும் காயத்தை ஆற்றிக் கொண்டு அடுத்த எதிரியிடம் போகலாம். மந்திரவாதியோ அடிக்கடி உட்கார்ந்து தண்ணீர் குடித்து ஆற்றலை மீட்க வேண்டும்; வீரர் உட்கார்ந்து உணவு உண்ண வேண்டும். ஓய்வையும் சேர்த்தல்லவா சராசரி வேகத்தைக் கணக்கிட வேண்டும்?

இதற்கு விலையும் உண்டு. ஒரு வேலைக்குப் பதில் மூன்றைக் கற்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த உருவம் என்று முடிவு செய்யத் தவறினால் 25 என்பது வெறும் காகிதக் கணக்காகி விடும். பெரிய கூட்டங்களிலும் மதிப்புக் குறையும். அந்தப் பழைய வடிவில் 40 பேர் சேர்ந்து போகும் பெரும் சண்டைகளுக்கு ட்ரூயிட்களைப் பெரும்பாலும் காயம் ஆற்றவே அழைத்தார்கள். எவர்குவெஸ்டின் ஆரம்ப நாட்களில் கலப்புப் பிரிவினர் அடுத்த நிலைக்கு ஏற மற்றவர்களைவிட அதிக அனுபவப் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அந்த விதி நீக்கப்பட்டது.

ஆனால் மாணவர்களாகிய உங்களுக்குக் கிடைப்பதோ வீட்டுப் பாடம் முடிந்தபின் அரை மணி நேரம். ஐந்து பேர் கூட்டம் சேரக் காத்திருந்தால் அதிலேயே பாதி போய்விடும். சாப்பிடக் கூப்பிட்டால் நடுவில் எழுந்து, மற்ற நால்வரையும் தவிக்க விடவும் முடியாது. அந்த அரை மணியைத் தனியாக ஆட நினைப்பவர், 'பலம் வாய்ந்த பிரிவுகள்' என்று யாரோ போட்ட பட்டியலில் முதலிடம் பெற்றதை எடுத்தால் ஏமாந்து போவார். அத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் கூட்டத்துக்காகப் போடப்பட்டவை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், 'இது எந்த நிலைமைக்கு உரியது?' என்று முதலில் கேளுங்கள். விஞ்ஞானிகள் ஒரு விதியைப் பார்த்துக் கேட்பதும் இதையேதான்.

நீங்களே செய்து பாருங்கள்: 10 புள்ளிகளை 1-9, 2-8, 3-7 என்று 9-1 வரை பிரித்துப் பெருக்கி, வரைபடத் தாளில் குறியுங்கள். வளைகோட்டின் உச்சி எங்கே வருகிறது? பிறகு, எதிரி அடிதாங்கியை விட்டுவிட்டு மந்திரவாதியை முதலில் தாக்கினால் அந்த 99 என்னவாகும் என்று கணக்கிடுங்கள். கிடைக்கும் விடை 19! கூட்டத்தில் அடிதாங்கி ஏன் ஓயாமல் எதிரியைச் சீண்டித் தன் பக்கம் இழுத்துக் கொண்டே இருக்கிறார் என்பது அப்போது உங்களுக்கே புரிந்து விடும்.