பளபளப்பு பாதுகாப்பு ஆகாது

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரின் கூரையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பல கார்களில் கூரையின் இரு ஓரங்களிலும், முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை, கறுப்புப் பட்டை ஒன்று நீண்டிருக்கும். கதவைத் திறந்தால், கூரை விளிம்பை ஒட்டி மென்மையான ரப்பர் பட்டை ஒன்று ஓடும். கூரை மேல் ஏரியல் இருந்தால் அதன் அடியிலும் ஒரு ரப்பர் துண்டு உண்டு. மேற்கூரைக் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், உள்ள கார்களில் அதைச் சுற்றியும் உண்டு.

மழை நீர் காருக்குள் புகாமல் காப்பவை இவைதாம். காரைக் கழுவுகிறோம், மெழுகு பூசுகிறோம், எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம். இந்தப் பட்டைகளை மட்டும் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. கவனிக்கும் சிலரும் கையில் கிடைத்த எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தப் பளபளப்பு பாதுகாப்பு ஆகாது என்பதே என் கருத்து. சில வேளைகளில் அதுவே கெடுதலாகவும் முடியும்.

இது சின்ன விஷயம்தானே என்று கேட்கலாம். நம் நாட்டில் ஒரு காருக்கு 9 ஆண்டு வரை மாதத் தவணை கட்டும் குடும்பங்கள் உண்டு. கடன் முடிந்த பிறகும் அதே கார்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியவர்களை வேலைக்கும் கொண்டு போகிறது. கூரைப் பட்டை கெட்டால் நீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். தரை விரிப்பு ஈரமாகும். பூஞ்சை வாடை வரும். விரிப்புக்குக் கீழே ஓடும் மின்கம்பி இணைப்புகள் அரிக்கும். பட்டறைக்குப் போகும்போது பழுது பட்டையோடு நின்றிருக்காது. சில ரிங்கிட் செலவில் தடுத்திருக்கக்கூடிய சேதம், ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவையே ஆட்டிவிடும்.

இந்தப் பட்டைகளுக்கு யார் எதிரி? வெயில், வெப்பம், ஓசோன் மூன்றுமே. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. நண்பகலில் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். ரப்பர் முதுமையடைவதும் ஒரு வேதிவினைதான். ஆகவே நிழலில் நிற்கும் காரின் பட்டையைவிட வெயிலில் நிற்கும் காரின் பட்டை விரைவாகக் கெடுகிறது.

ஓசோன் என்றதும் வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் படலம் நினைவுக்கு வரும். ஆனால் வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிவதால் நாம் சுவாசிக்கும் காற்றிலும் சிறிது ஓசோன் உண்டாகிறது. இது ரப்பரின் எதிரி. இயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடிப்பிடித்து உடைக்கும். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் இந்த வெடிப்பு இன்னும் வேகமாக வரும்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1877இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு மலாயா எங்கும் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர்களில் பலர் அங்கே பால் மரம் சீவி வாழ்ந்தார்கள். அந்தக் கித்தாப் பால் இன்றும் டயருக்கும் கையுறைக்கும் தேவை. ஆனால் காரின் கதவுக்கும் கூரைக்கும் உரிய பட்டைகளில் பெரும்பாலானவை இயற்கை ரப்பர் அல்ல. அவை இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். எத்திலீன், புரோப்பிலீன் ஆகியவற்றோடு சிறிதளவு டையீன் சேர்த்து இதைச் செய்கிறார்கள். இதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. அதனால் ஓசோனால் இதை எளிதில் தாக்க முடியாது. கலந்திருக்கும் கார்பன் கரி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. பட்டை கறுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம், அழகுக்காக அல்ல.

அப்படியானால் இந்த ரப்பருக்குக் குறையே இல்லையா? உண்டு. பெட்ரோலிய எண்ணெய்தான் அதன் குறை. ஒத்த தன்மையுடையவை ஒன்றில் ஒன்று கரையும் என்பது வேதியியலின் அடிப்படை விதி. இ.பி.டி.எம். ஹைட்ரோகார்பன் சங்கிலி; பெட்ரோலிய எண்ணெயும் ஹைட்ரோகார்பன். எண்ணெய் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்துகொள்ள, ரப்பர் ஊதி மென்மையாகிறது, வலு இழக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி, மண்ணெண்ணெய், துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் எண்ணெய் ஆகியவற்றைப் பட்டையில் தடவினால் அன்று புதிதுபோல் மின்னும். ஆனால் உள்ளே உருவம் குலையத் தொடங்கிவிடும். உருவம் குலைந்த பட்டை கதவோடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நீர் புகும்.

"பட்டை தேயத்தான் செய்யும், கெட்டால் மாற்றிவிட்டால் போகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. எந்த ரப்பரும் நிரந்தரம் அல்ல. பல ஆண்டுகள் அழுத்தப்பட்ட பட்டை பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் பட்டை கெட்டது நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் நீர் உள்ளே வந்த பிறகுதான். பழைய கார்களுக்கு ஏற்ற பட்டை எளிதில் கிடைப்பதும் இல்லை. மேலும், வல்கனைஸ் செய்த ரப்பரின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. பிளாஸ்டிக் போத்தலைப்போல் அதை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. வீசப்படும் ஒவ்வொரு பட்டையும் குப்பை மேட்டில் நெடுங்காலம் கிடக்கும்.

சரியான பராமரிப்பு எளிது. மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த துணியால் பட்டையைத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கியிருக்கும் மணலும் இலைத் துகளும் உரைகல்லைப்போல் ரப்பரைத் தேய்க்கும். அவற்றை நீக்குவதே பாதி வேலை. தின்னர், பெட்ரோல் வேண்டாம். அதன் பிறகு சிலிக்கோன் பசையைத் துணியில் சிறிதளவு எடுத்து மெல்லியதாகத் தேயுங்கள். சிலிக்கோன் இ.பி.டி.எம். ரப்பருக்குள் எளிதில் புகாது. பட்டை கதவோடு ஒட்டிக்கொண்டு கிழிவதையும் தடுக்கும். முன் கண்ணாடியில் மட்டும் படக்கூடாது. மழையில் பார்வை மங்கும். கடையில் வாங்கும்போது நிறத்தையும் நறுமணத்தையும் பார்க்காமல், பெட்ரோலியம் கலந்ததா, சிலிக்கோனா என்று போத்தலைப் படியுங்கள்.

கூரை ஓரப் பட்டை தூக்கிக்கொண்டிருந்தால் உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகி, கார் அதிரும்போது வெடிக்கும். அந்தப் பட்டைக்குக் கீழே கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இணைப்பு இருக்கிறது. அதை அடைத்திருக்கும் பூச்சை வெயிலிலிருந்து மறைப்பதும் பட்டையின் வேலை. காரைக் கழுவும் கடையில் அதிவேக நீர்க் குழாயைப் பட்டையின் விளிம்புக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சன்ரூஃப் உள்ள காரில் ரப்பர் மட்டுமே காவல் அல்ல. அதைத் தாண்டி வரும் கொஞ்ச நீரைப் பிடித்து வெளியேற்ற, சுற்றிலும் ஒரு வாய்க்காலும் மூலைகளில் மெல்லிய குழாய்களும் உண்டு. குழாயில் இலைத்தூள் அடைத்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருந்தாலும் நீர் உள்ளே சொட்டும்.

இவற்றை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டு ரப்பர் வளையங்களின் நீளத்தை அளந்து, ஒன்றைச் சவர்க்கார நீரிலும் மற்றதைப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மினரல் எண்ணெயிலும் ஒரு வாரம் போட்டு வையுங்கள். மீண்டும் அளந்தால் எது ஊதியது என்று தெரியும். இன்னும் இரண்டை எடுத்து, ஒன்றைப் பலகையில் ஆணிகளுக்கு நடுவே இழுத்து மாட்டுங்கள். மற்றதைத் தளர்வாக அருகில் தொங்கவிடுங்கள். பலகையை வீட்டுக்கு வெளியே வைத்து, எதில் வெடிப்பு முதலில் வருகிறது, எந்தத் திசையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் பெரும்பாலும் இயற்கை ரப்பர் என்பதை நினைவில் வையுங்கள்.

காரிலும் ஒரு சோதனை உண்டு. ஒரு தாள் துண்டைக் கூரை விளிம்புப் பட்டையின் மேல் வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுங்கள். தாள் கொஞ்சம் இறுக்கமாக வந்தால் பட்டை தன் வேலையைச் செய்கிறது. தடையில்லாமல் நழுவி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. பட்டையைச் சுற்றிப் பல இடங்களில் இப்படிச் செய்து, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படிவ வேதியியலில் பலபடிகள் பற்றிய பாடம் உண்டு. வல்கனைஸ் செய்த ரப்பருக்கும் செய்யாத ரப்பருக்கும் உள்ள வேறுபாடுகளை நம் மாணவர்கள் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதுகிறார்கள். அதே மாணவர் வீட்டில் காரின் ரப்பரில் மண்ணெண்ணெய் தடவப்படும்போது, அதைத் தடுக்க ஒரு சொல் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணோடு நின்றுவிடும் வேதியியல் பளபளப்பு மட்டுமே. அடுத்த பெருமழைக்கு முன் அந்தத் தாள் துண்டை எடுத்துக்கொண்டு காரருகே போங்கள்.