பெயரைத் தமிழிலிட்டால் பொறி மறுக்குமா?

கறையான் தின்றதும் வெள்ளம் கொண்டதும் போகத் தமிழர்க்கு எஞ்சிய ஏடுகள், பெயர்த்தெழுதிய கைகளால் எஞ்சியவை. படியெடுத்து வேறிடத்தில் வைத்தது வாழ்ந்தது. ஒரே இடத்தில் கிடந்தது மாண்டது. 1981-இல் மே முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் நீறாயின. வேறெங்கும் படியில்லாதவையும் அவற்றுள் இருந்தன. அப்புண் இன்னும் ஆறவில்லை.

ஆறாத புண்ணிடம் தமிழர் கற்றது என்ன? வாழ்நாளெல்லாம் முயன்று தொகுத்த சொல்லடைவும் தட்டெழுதிய நூற்படியும் இன்று ஒரு கணிப்பொறியின் ஒரே வட்டில் கிடக்கின்றன. தொலைவிலுள்ள வழங்கிக்கு நாள்தோறும் தானே படியெடுத்து அனுப்பும் கட்டளை நிரல் ஒன்று எழுதலாகாதா எனின், அரைகுறை அறிவினர் கூறும் விடை இது: “கோப்புறைக்குத் தமிழில் பெயரிட்டால் நிரல் முறியும்; முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றுக.”

முழுப்பொய்! இலினக்சு இயங்குதளம் கோப்பின் பெயரில் விலக்குவன இரண்டே: சாய்கோடும் வெற்றுக்குறியும். ஒருங்குறித் தமிழை அது தடையின்றி ஏற்கும். பெயரின் நீளம் 255 பைட்டு வரை செல்லலாம். தமிழ்க்குறி ஒன்றுக்கு 3 பைட்டு. ஆக, 85 குறிகள் அமையும். ஒரு நூலின் பெயர்க்கு இது போதாதா?

பின், நிரல் முறிவதன் கரணியம் யாது? “கழக நூல்கள்” என்னும் பெயரின் நடுவிலுள்ள இடைவெளியே! பெயரைத் தாங்கும் மாறியை மேற்கோட்குறிக்குள் இடாது விட்டால், பொறி அதனை இரு பெயர்களாகப் பிளக்கும். ஆங்கிலப் பெயரில் இடைவெளி இருப்பினும் அவ்வாறே பிளக்கும். திரையில் தமிழ் வினாக்குறிகளாய்த் தோன்றினும் அஞ்சற்க. கெட்டது பெயரன்று, காட்டும் முறை, எழுத்தமைவை யு.டி.எப்.-8 என மாற்றத் தமிழ் தெரியும். நிரல் எழுதியவனின் பிழையைத் தாயின்மேல் ஏற்றுவதோ?

கருவிகளுக்கும் குறைவில்லை. ஆண்ட்ரூ திரிட்செல், பால் மெக்கராசு இருவரும் 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ முதன்முறை முழுவதையும் படியெடுக்கும். பின்னர் மாறியவற்றை மட்டுமே அனுப்பும். ‘எசு.எசு.எச்.’ வழியிடையே பிறர் படியாவண்ணம் மறைத்துச் செல்லும். ‘கிரான்’ இரவுதோறும் குறித்த நேரத்தில் நிரலை எழுப்பும். நிரலோ பத்து வரிகளில் அடங்கும். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும்: ‘டெலீட்’ என்னும் கூற்றைச் சேர்த்தால், மூலத்தில் தவறி அழிந்தது படியிலும் அழியும். ஆதலின் நாளிட்ட கோப்புறைகளில் தனித்தனியே வைக்க. திங்களுக்கு ஒருமுறை மீட்டெடுத்தும் பார்க்க. மீளாத படி படியன்று.

காப்பதற்காகத் தமிழ்ப்பெயரைத் துறப்பது அடிமைத்தனம்; தமிழ்ப்பெயர் இட்டுவிட்டுக் காவாது கிடப்பது வெற்றுப்பற்று. இரண்டும் வேண்டா. தமிழிலேயே பெயரிடுக! இன்றிரவே நிரல் எழுதுக! தொலைவூரில் ஒரு படி விழித்திருக்கட்டும். அடுத்த தீ சொல்லிக்கொண்டு வாராது.