அண்ணனுக்கு ஒரு ரூம்!

வேல்ஸில் லான்பெரிஸ் பள்ளத்தாக்கைக் காவல் காத்த வட்டக் கோபுரம், டோல்பாடர்ன். உயரம் சுமார் 50 அடி. 13-ம் நூற்றாண்டில் தாத்தா லிவெலின் கட்டினார், எதிரியைத் தடுக்க.

பேரன் பெயரும் லிவெலின்தான். 1255-ல் அண்ணன் ஓவைனைப் போரில் ஜெயித்து, சிறையில் தள்ளினார். பங்காளித் தகராறுதான், வேறென்ன? அடைத்தது இந்தக் கோபுரத்தில்தான் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். விடுதலை 1277-ல்!

பி.காம். புத்தி, உடனே கணக்குப் போட்டேன். 22 வருஷம்! ஹவுசிங் லோனே 20-ல் முடிந்துவிடும், சார்.

அண்ணனைப் பூட்டிக் காப்பாற்றிய ராஜ்யமாவது நிலைத்ததா? 1282-ல் தம்பி செத்தார். அடுத்த வருஷமே கோபுரம் இங்கிலாந்து ராஜா எட்வர்ட் கைக்குப் போனது. உத்தரங்களைப் பிடுங்கி, கேர்னர்வானில் தன் கோட்டைக்குக் கொண்டு போய்விட்டார்.

கல்லை விட்டுவிட்டார். கூலி கட்டுப்படியாகவில்லை போல!