வருநீரும் வடிநீரும்

ஆண்டுதோறும் ஜூன் 12 நெருங்கும்போது தமிழ்நாட்டின் கண்கள் மேட்டூரை நோக்கித் திரும்புகின்றன. அணையில் எத்தனை அடி நீர் உள்ளது, கல்லணை எந்நாளில் திறக்கப்படும், கடைமடைக்கு நீர் எப்போது எட்டும் என்பன அன்றாடச் செய்திகளாகின்றன. இக்கவலை முறையானதே. ஆயின் அதே கடைமடையில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் தேங்கும் மழைநீர் எத்தனை நாளில் வடியும் என்னும் வினா பயிர் மூழ்கிய பின்னரே எழுகிறது. நீர் வற்றியதும் மறைந்தும் விடுகிறது.

காவிரியில் நமக்குரிய பங்கைப் பெற நடுவர் மன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் பல்லாண்டு வாதாடினோம். 2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018 பிப்ரவரியில் 177.25 டி.எம்.சி. என வரையறுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. வருநீருக்காக அண்டை மாநிலத்தோடு வழக்காட வேண்டியுள்ளது. வடிநீர் குறித்து நமக்கு எவரோடும் வழக்கில்லை. அது முற்றிலும் நம் கையில் உள்ள பணி. அதைத்தான் நாம் மிகுதியும் புறக்கணித்திருக்கிறோம். அப்புறக்கணிப்பின் விலை எத்துணைப் பெரிது என்பதை அறிய, கீழைத் தஞ்சை மண்ணின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் தாழ்நிலங்கள் காவிரியும் அதன் கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனவை. ஆற்றின் ஓட்டம் விரைவாக இருந்த இடத்தில் பருமணல் படிந்தது. தளர்ந்த இடத்தில் நுண்மணல் படிந்தது. ஓட்டம் ஏறத்தாழ நின்றுவிட்ட பள்ளங்களில் களி படிந்தது. இதனால் ஆற்றோரப் படுகை நிலம் சற்று மேடாகவும் இளக்கமாகவும் இருக்கிறது. ஈராறுகளுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்ந்தும் கனத்த களியாகவும் கிடக்கிறது. கடலோரத்தில் பழைய மணல்மேடுகள் வரிசையாக நின்று, உள்நாட்டு நீர் எளிதில் கடல் சேராதவாறு மறிக்கின்றன. மண்ணாய்வாளர் களத்தூர், ஆதனூர், படுகை என இம்மண் வகைகளுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். பெயர் அறியாத உழவரும் காலடி பட்டவுடன் இவற்றின் வேறுபாட்டை உணர்வர்.

களித்துகள் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. சிறுமையே அதன் ஆற்றல். களத்தூர் வகை போன்ற கனத்த களிகளில் மிகுந்துள்ள கனிமம் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளுக்கு இடையே நீர் புகும்போது அது வீங்கும், நீர் நீங்கும்போது சுருங்கும். இவ்வினக் கனிமத்தின் ஒரு கிராம், உள்ளும் புறமும் சேர்த்து 600 முதல் 800 சதுர மீட்டர் வரை பரப்புடையது. அப்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. ஆதலால் சுண்ணச்சத்தும் சாம்பல் சத்தும் அம்மோனிய வடிவத் தழைச்சத்தும் நீரோடு ஓடிவிடாமல் அதிற் பற்றி நிற்கின்றன. மணலில் இட்ட உரம் ஒரு மழையில் கரைந்து இறங்கிவிடும். களியில் இட்டது பயிர் வேண்டும்வரை காத்திருக்கும்.

நீரைத் தாங்குவதிலும் அவ்வாறே. ஒரு மீட்டர் ஆழமுள்ள மணல் பயிருக்கு உதவும் நீராக 25 முதல் 100 மில்லிமீட்டர் வரையே வைத்திருக்கும். களியோ 175 முதல் 250 மில்லிமீட்டர் வரை வைத்திருக்க வல்லது. சேற்றுழவு செய்து தொளியாக்கிவிட்டால் கீழ்நோக்கிய கசிவும் அடங்கிவிடுகிறது. தண்ணீர் நின்று விளையும் நெல்லுக்கு இதனினும் ஏற்ற மண் அரிது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிலம் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் சம்பா, தாளடிப் பயிரினூடே உளுந்தையும் பயறையும் விதைப்பது டெல்டா உழவரின் பழைய வழக்கம். அதன்பின் உழவில்லை, பாய்ச்சலில்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் மாசிப் பனியுமே அப்பயிரை விளைத்துக் கொடுக்கின்றன. இது களிமண் தரும் கொடை. இக்கொடையை அறிந்து ஒரு பயிர்முறையையே வகுத்த முன்னோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

ஆயினும் பற்றிய நீரை எளிதில் விடாமையே இம்மண்ணின் குறையுமாகும். கோடையில் களி பாளம் பாளமாக வெடிக்கிறது. முதன்முதலில் பாயும் நீர் அவ்வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கிவிடுவதால், வாய்க்காலில் நீர் வந்தும் வயல் நனையவில்லை என்னும் முறையீடு எழுகிறது. மண் வீங்கி வெடிப்புகள் மூடியபின் நிலைமை தலைகீழாகிறது. மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீர் இறங்கும் என்றால், களியில் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையே இறங்கும்; முற்றும் நனைந்து தொளியான களியில் அதுவும் பெரிதும் குறைந்துவிடும்.

இத்தகைய நிலத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பொழிவதாகக் கொள்வோம். ஏக்கர் ஒன்றில் விழும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் இந்த அளவு இப்பகுதிக்குப் புதிதன்று. மண் அதை உட்கொள்ளாது. கடல்மட்டத்திற்குச் சில மீட்டரே உயர்ந்த சமவெளியாதலால் நிலத்தின் சாய்வு தரும் உந்துதலும் இல்லை. எஞ்சிய ஒரே வழி வடிகால். அவ்வழி அடைபட்டால் நீர் நிற்கும். வேர்களுக்கு உயிர்வளி அற்றுப்போகும். தூர்கட்டும் பருவத்து இளம்பயிர் முழுதும் மூழ்கி ஒரு வாரத்திற்கு மேல் கிடப்பின் அழுகும். கடலில் ஓதம் ஏறிய வேளையில் முகத்துவாரங்களில் நீர் வெளியேறாமல் திரும்பி நிற்பதும் உண்டு. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துத் தாழ்நிலங்கள் இத்துன்பத்தை நன்கறியும்.

வடியாமையோடு உப்பும் சேரும்போது கேடு இரட்டிக்கிறது. சுண்ணச்சத்து மிகுந்த களியில் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சிறுகட்டிகளாக நிற்கும். இடையே காற்றும் நீரும் இயங்கும். கடல்நீரின் சோடியம் அவ்விடத்தைக் கைப்பற்றிவிட்டால் துகள்கள் பிரிந்து குழம்பாகின்றன. நுண்துளைகள் அடைபடுகின்றன, காய்ந்தபின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த நாகை வயல்களில் உழவர் கண்டது இதுவே. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்கினர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். பின்வந்த பருவமழை உப்பைக் கழுவியது. விலக்கிய உப்பு வயலை விட்டு வெளியேறினால் அல்லவோ நிலம் மீளும்? வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சமும் பயன்படாது, மழையும் பயன்படாது.

இயற்கை புகுத்திய உப்பு ஒருமுறை வந்தது. மனிதன் புகுத்திய உப்பு ஆண்டுக்கணக்கில் நின்றது. 1990களில் இக்கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, நீரைக் கசியவிடாத களிமண்ணே அக்குளங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. உவர்நீர் பக்கத்து வயல்களையும் குடிநீரையும் கெடுத்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, விளைநிலத்தை இறால் குளமாக்குதல் கூடாது என்று தெளிவுபட உரைத்தது. ஒரு மண்ணின் நல்லியல்பையே அதன் அழிவுக்குக் கருவியாக்க முடியும் என்பதற்கு அவ்வழக்கு நிலைத்த சான்று.

இனி, நாம் இன்று செய்துகொண்டிருப்பதை நோக்குவோம். டெல்டாவில் நீரின் போக்கு மேற்கிலிருந்து கிழக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையோ வடக்கு தெற்காகச் செல்கிறது. இதைப்போன்ற சாலை ஒவ்வொன்றும் உயர்த்தப்படும்போது, போதிய கண்கள் கொண்ட பாலங்கள் இல்லையேல், அது ஓர் அணையாகிவிடுகிறது. மனைப்பிரிவுகளுக்காக வயல்கள் மேடாக்கப்படுகின்றன. அங்கு நிற்க வேண்டிய நீர் அடுத்த வயலில் ஏறுகிறது. வடிகால்களில் வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. தூர்வாரும் பணி பெரும்பாலும் அணை திறப்பை ஒட்டிக் கோடையின் கடைசியில் விரைவு விரைவாக நடைபெறுகிறது. அதன் நோக்கம் நீரைக் கொண்டுவருவதேயன்றி வெளியேற்றுவதன்று. சரிவு மிகக் குறைந்த நிலத்தில் ஓரடி வண்டல் படிந்தாலே வடிகாலின் கொள்திறன் பெரிதும் குன்றும். இவ்வுண்மை அறியாதார் பொறியாளருள் இலர். அறிந்ததைச் செய்விக்கும் உறுதியே இல்லை.

மண்ணின் உள்ளமைப்பும் தளர்ந்து வருகிறது. தழையுரமும் தொழுவுரமும் குறைந்த களி, திரளும் ஆற்றலை இழந்து இறுகுகிறது. கனத்த இயந்திரங்கள் ஈரக்களியில் ஏறும்போது நிலம் மேலும் அழுந்துகிறது. இயந்திர அறுவடையின் தடங்களில் உளுந்தின் இளமுளை நசுங்குவதால், முன்னோர் வகுத்த அந்தப் பயிர்முறையே தேய்ந்து வருகிறது. மேட்டூர் அணை 1934 முதல் நீரைத் தேக்குவதோடு வண்டலையும் தேக்கி வருகிறது. ஆற்றுவண்டல் ஆண்டுதோறும் புதுப்பித்த நிலம் இன்று பழைய முதலைக் கொண்டே வாழ்கிறது.

நடந்த நன்மைகளை மறைப்பது அறமன்று. வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு ஆகியவற்றைச் சீரமைக்கும் திட்டம் 2016இல் ஒப்புதல் பெற்றது. வெள்ளத்தைச் சில நாள் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் உழவர் கைக்கு வந்துள்ளது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் விதை எவ்வளவு தாங்கினும் நீர் வடியாத வயலில் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஒருமுறை சீரமைத்த ஆறு, ஆண்டுதோறும் பேணப்படாவிடில் சில பருவங்களில் பழைய நிலைக்கே மீளும். நிலத்தைப் பிற தொழில்களிடமிருந்து காக்கும் சட்டம், நீர் தேங்குவதிலிருந்தும் உப்பிலிருந்தும் அதைக் காத்துவிடாது.

ஆதலின் அரசு உடனடியாகச் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, தூர்வாருதலைப் பாசனம், வடிகால் என இரண்டாகப் பிரித்து, வடிகாலுக்குத் தனி நிதியும் தனிக் காலவரையறையும் வகுத்தல் வேண்டும். அப்பணி முகத்துவாரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி ஏறிச்செல்ல வேண்டும். கீழே அடைப்பிருக்க மேலே வாருவது வெள்ளத்தைக் கடைமடைக்கு விரைவாக அனுப்புவதில் முடியும். புரட்டாசிக்குள் அது நிறைவுறுதல் வேண்டும். இரண்டாவது, கடைமடை இயக்கணைகளின் கதவுகள் ஓதம் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்கும் நிலையில் எந்நாளும் பேணப்பட வேண்டும். மூன்றாவது, டெல்டாவில் சாலை, மனைப்பிரிவு, தொழிற்கூடம் எதற்கும் நீர்ப்போக்கு ஆய்வின்றி இசைவு அளித்தல் கூடாது.

நான்காவதும் ஒன்றுண்டு. ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நூற்றாண்டு அறிவு, ஊர்தோறும் உழவரைச் சென்றடைய வேண்டும். எந்த வயலில் கோடையுழவு தேவை, எதில் ஜிப்சம் தேவை, எதில் தக்கைப்பூண்டே போதும் என்பதை மண்வகை அறிந்து சொல்லும் ஏற்பாடு வேண்டும். ஒரே பரிந்துரையைப் படுகை மணலுக்கும் களத்தூர்க் களிக்கும் பொதுவாக வழங்குவது அறிவியலாகாது. ஏரி, குளங்களின் வண்டலை உழவர் தடையின்றி எடுத்து வயலில் இடவும் நிலையான வழி வேண்டும்.

மூழ்கிய பயிருக்கு இழப்பீடு வழங்குவது அரசின் கடமை. அதை எவரும் மறுக்கவில்லை. ஆயின் இழப்பீட்டைப் பருவந்தோறும் வழங்கும் நிலையை இயல்பென ஏற்றுக்கொள்வது ஆட்சித்திறன் ஆகாது. காவிரியில் நமக்குரிய நீரைப் பெற எத்துணை உறுதியோடு போராடினோமோ, அத்துணை உறுதி பெற்ற நீரையும் பெய்த நீரையும் உரிய காலத்தில் வெளியேற்றுவதிலும் வேண்டும். டெல்டாவின் ஒவ்வொரு வடிகாலும் இவ்வாண்டு எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு ஆழத்திற்கு வாரப்பட்டது என்பதைப் பருவமழைக்கு முன்னர் ஊர்மன்றங்களில் அரசு வெளியிடட்டும். அக்கணக்கைக் கேட்டுப் பெறுவது உழவர் சங்கங்களின் உரிமை. அவர்களோடு நின்று கேட்பது நம் அனைவரின் கடமை.